மீதி முப்பத்தெட்டு நிமிடம்

அந்தத் தெருவில் அவருக்கு 'செக்கிங்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான், அது அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்து, ஏதோ நினைவு வந்ததுபோல் நின்று, திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பார். பூட்டுக்கு வாயிருந்தால் அழுதிருக்கும். "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்பது அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும்.

விசேஷங்களை வீடியோ எடுத்து டிவிடி போட்டுக் கொடுப்பது அவர் தொழில். இப்போது யார் டிவிடி கேட்கிறார்கள்? பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான் கடையை ஓட்டுகின்றன. ஆனாலும் ஒரு காலம் இருந்தது. வெற்று டிஸ்க் வாங்க வருகிறவரை உட்கார வைத்து டாக்டர் மாதிரி விசாரிப்பார். எந்த டிவிடி பெட்டியில் போடுவீர்கள், எந்த வருஷம் வாங்கியது, அழித்து அழித்து எழுத வேண்டுமா, ஒரே தடவை எழுதினால் போதுமா? வந்தவர் விழிப்பார். எல்லாம் வட்டமாக, பளபளவென்று ஒன்று போலத்தானே இருக்கிறது!

ஒன்று போல இருப்பதில்தானே ஆபத்து என்பார் இவர். டிஸ்கின்மேல் மைனஸ் ஆர் என்று இருந்தால் ஒரே தடவைதான் எழுதலாம், பிறகு அழிக்க முடியாது. ப்ளஸ் ஆரும் அப்படித்தான், ஆனால் அது வேறு கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது. பழைய பெட்டிகளில் சில மைனஸைப் படித்துவிட்டு ப்ளஸைத் துப்பிவிடும், சில நேர்மாறு. பங்காளிச் சண்டை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆர்.டபிள்யூ. என்று இருந்தால் அழித்து மறுபடி எழுதலாம், ஆயிரம் தடவை வரைக்கும் தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும். வசதிதான், ஆனால் யாராவது கை தவறி அழித்துவிட்டால் போனது போனதுதான்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் மூடுவது. வீட்டு ரெக்கார்டரில் மைனஸ் ஆர் டிஸ்கில் பதிந்தால், கடைசியில் அதை மூட வேண்டும். மூடும்போதுதான் எங்கே என்ன இருக்கிறது என்ற பொருளடக்கத்தைப் பெட்டி அதில் எழுதி வைக்கும். மூடாத டிஸ்கைப் பதிந்த பெட்டி மட்டும் படிக்கும். மற்றப் பெட்டிகளுக்கு அது வெறும் காலி டிஸ்க். மூடினாலோ எந்தப் பெட்டியிலும் ஓடும், ஆனால் மீதி இடத்தில் அப்புறம் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க முடியாது. செக்கிங் தன் ஆயுளில் ஆறாயிரம் டிஸ்காவது போட்டிருப்பார். ஒவ்வொன்றையும் மூடி, மூன்று வேறு பெட்டிகளில் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

ஒன்றே ஒன்றைத் தவிர. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த மனிதர் சொந்த அக்கா விஷயத்தில் கோட்டை விட்டார்.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த மேடையில் எத்தனை மணிக்கு என்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவள் குரல்தான் அங்கே. நேரடி மைக், ஒருவரும் பதிந்து வைத்ததில்லை. புருஷன் குழந்தை பிறந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி கூட வந்து தங்கினார். குழந்தைக்கு மூன்று வயதானபோது அக்காவின் தொண்டையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும், குரல் கொஞ்சமாவது மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் சொல்லி வைத்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் தம்பி வீட்டுக்குக் கேமராவைக் கொண்டுவந்தார். பின்னாலேயே கடையின் வெள்ளி நிற ரெக்கார்டரையும் தூக்கி வந்தார். எந்த டிஸ்க் என்பதற்கு மட்டும் ஒரு மணி நேரம் யோசித்தார். ஆர்.டபிள்யூ. வேண்டாம், எவனாவது அழித்துத் தொலைப்பான். யாராலும் அழிக்க முடியாத மைனஸ் ஆர் என்று முடிவு செய்தார். ஒரு மணி நேரம் ஓடும் டிஸ்க். அக்கா இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். அதற்குள் குழந்தை அவள் மடியிலேயே தூங்கிவிட்டது. மீதியை ஆபரேஷன் முடிந்து வந்து சொல்கிறேன் என்று எழுந்துகொண்டாள்.

மூடவா என்று பெட்டி கேட்டது. செக்கிங்கின் விரல் பொத்தான்மேல் போய் நின்றது. மீதியைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது மூடினால் இனி அவள் பேசப்போவதில்லை என்று நானே முடிவுகட்டுகிற மாதிரி ஆகாதா? இல்லை என்று அழுத்தி டிஸ்கை வெளியே எடுத்து உறையில் போட்டார்.

உயிர் தப்பியது, குரல் போனது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணி. வேலையை மேசைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அவள் நேர அட்டவணை எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்து, அதைக் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் பேச்சு வரும் என்று பழக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று குழந்தையை அதில்தான் கூப்பிட்டாள். தகரத்துக்குள் வண்டு அடைபட்ட மாதிரி ஒரு சத்தம். குழந்தை அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அக்கா கருவியை அலமாரி இழுப்பறையில் போட்டு மூடினாள், அன்றோடு சரி. பத்தொன்பது வருஷமாக ஒரு சின்ன நோட்டும் பேனாவும்தான் அவள் வாய். டிஸ்கைப் பற்றியும் எழுதிக் காட்டிவிட்டாள்: அதை என் காதில் விழாமல் வை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழை நாளில் மின்சாரம் எகிறி கடையின் வெள்ளிப் பெட்டி கருகிப்போனது. அன்றைக்குத்தான் செக்கிங்குக்கு உறைத்தது. டிஸ்கை ஓடிப்போய் எடுத்தார். கடையில் இருந்த எல்லாப் பெட்டிகளிலும் போட்டார். காலி, காலி, காலி. கம்ப்யூட்டரில் மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டினார், பாதியில் கரகரவென்று சத்தம் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டார். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வெகு நாளாகியிருந்தது.

அதே மாடல் பெட்டி என்றால் ஒருவேளை படிக்கலாம். ஊரில் அப்படி இன்னொன்று இருந்தது. அவரே விற்றது, நாலு தெரு தள்ளி இருக்கும் பல் டாக்டருக்கு. காத்திருக்கும் அறையில் பல் தேய்க்கும் முறையைப் பற்றிய படம் அதில் நாள் முழுக்க ஓடும்.

பிறகென்ன, போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போகவில்லை ஐயா, அந்த மனிதர் பதினேழு வருஷம் போகவில்லை! பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவர் இதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியும் காலி என்று சொல்லிவிட்டால்? பார்க்காத வரைக்கும் குரல் அதில் இருந்தது. அவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் எட்டி, வெள்ளிப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். சொத்தைப் பல் வலித்து முகம் வீங்கியபோதுகூட இரண்டு பஸ் மாறி வேறு டாக்டரிடம் போனார். டிஸ்கை உறைக்குள் போட்டு, உறையைத் தகர டப்பாவுக்குள் போட்டு, மாதம் ஒரு முறை திறந்து, இருக்கிறது என்று பார்த்து மூடுவார். அக்கா மகள் எப்போதாவது கேட்டால் ஒரே பதில்தான்: "பத்திரமா இருக்கு."

அவளைப் 'பொடிசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பொடிசுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, மாமாவைவிட அரையடி உயரம். வெளிநாட்டில் வேலை கிடைத்து வியாழக்கிழமை கிளம்புகிறாள். சனிக்கிழமை காலையில் பயணப் பெட்டி அடுக்கிக்கொண்டே, மாமா அந்த டிஸ்கை எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள் என்றாள், சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தாருங்கள் என்பதுபோல. செக்கிங் அவள் பெட்டியின் ஜிப்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். போடலாம் என்று சொல்லிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சூடாகிவிட்டது என்றார். திங்கட்கிழமை நல்ல டிஸ்க் வரவழைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய் வேண்டியிருந்தது. கடையில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பொடிசு கடைக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு அம்மா குரல் ஞாபகமே இல்ல. ஒரு சொல்லுகூட இல்ல. கனவுல வந்தாக்கூட நோட்டுலதான் எழுதிக் காட்டுறாங்க. அதுல என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். மூடாததைச் சொன்னார், பெட்டி கருகியதைச் சொன்னார், பல் டாக்டரைச் சொன்னார், அங்கே போகாததையும் சொன்னார். சொல்லச் சொல்ல மேசை துடைக்கும் துணியை முறுக்கிக் கயிறாக்கிவிட்டார். அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் அடுக்கிலிருந்து காலி டிஸ்க் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"இல்லைன்னு தெரிஞ்சாலும் எனக்குத் தெரியணும் மாமா. நாளைக்குப் போறோம்."

அக்காவிடம் மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினார். அவள் ஸ்டூலை மூலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

புதன்கிழமை பகல் ஒரு மணி, பல் டாக்டர் சாப்பிடப் போகும் நேரம். பெட்டியை எடுத்துப் போக அவர் சம்மதிக்கவில்லை. சுவரோடு சேர்த்து அடித்த மர அலமாரியில் இருக்கிறது, அசைத்தால் மறுபடி ஓடுமோ ஓடாதோ, ஒரு மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். செக்கிங் இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு வந்தார். லேப்டாப், மூன்று விதமான வயர், கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க ஒரு பேட்டரி, டார்ச், பஞ்சுத் துணி, பழைய கேமரா, அதன் ஸ்டாண்டு. கேமரா எதற்கு என்று பொடிசு கேட்டதற்கு, எதற்கும் இருக்கட்டும் என்றார்.

கதவைத் திறந்தால் உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தாள்; பொடிசு சொல்லிவிட்டிருந்தாள். மடியில் கைப்பை, கழுத்தில் துணி. செக்கிங் இரண்டு பைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அக்கா நோட்டை எடுத்து ஒரே வரி எழுதிக் காட்டினாள்: பதினேழு வருஷமாவே தெரியும். உன் மூஞ்சி சொல்லும்.

மூலையில் கன்னம் வீங்கிய ஆள் ஒருவர், இரண்டு மணிக்கு வர வேண்டியவர், வலி தாங்காமல் பன்னிரண்டரைக்கே வந்து கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அவருக்கும் போக மனமில்லை.

பல் தேய்க்கும் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டுத் தகர டப்பாவைத் திறந்தார் செக்கிங். டிஸ்கை விளிம்பில் பிடித்துத் தட்டில் வைத்தார். தட்டு உள்ளே போனது. படிக்கிறது என்று எழுத்து மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது. உள்ளே ஏதோ சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு திரையில் வந்தது: காலி டிஸ்க்.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது, நானே என் கையால் கெடுத்தேன் என்று வாய்விட்டே சொன்னார். அக்கா தரையைப் பார்த்தாள். வீங்கிய கன்னக்காரர்கூடக் கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

பொடிசுதான் எழுந்து வந்து பஞ்சுத் துணியை அவர் கையில் வைத்தாள். "இன்னொரு தடவை பார்த்துடலாம் மாமா."

சொந்த வசனம் எதிராளி வாயிலிருந்து வரும்போது மறுக்க முடிகிறதா? அவர் டிஸ்கை எடுத்தார். நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்க்கோடாக, ஒரு கோடு, இன்னொரு கோடு என்று துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். தட்டு மறுபடி உள்ளே போனது. படிக்கிறது. படிக்கிறது. படம் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிட்டது.

"டேய், சிவப்பு லைட்டு எரியுதா பாரு. அப்புறம் பதியவே இல்லைன்னு சொல்லாத."

கணீரென்று வந்தது. பேருந்து நிலையத்தில் நாலு மேடைக்கும் கேட்ட குரல். அதற்குப் பின்தான் படம்: முப்பது வயது அக்கா, மடியில் நெளியும் குழந்தை. செக்கிங் கண்ணைத் துடைக்கவும் நேரமில்லாமல் லேப்டாப்புக்கு வயரைச் செருகி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்; திரையில் ஓட ஓட அதில் பதியட்டும் என்று. பேசுகிறவள் பெரிய விஷயம் எதையும் பேசவில்லை. தடுப்பூசி அட்டை எந்தத் தட்டில் இருக்கிறது, இவளுக்கு எண்ணெய் தேய்த்தால் காதுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பால் ஆறினால் குடிக்க மாட்டாள், தம்பி பூட்டை இழுத்து இழுத்துக் கதவே கழன்று வரப்போகிறது என்றெல்லாம். பொடிசு வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றபடியே கேட்டாள். அக்கா திரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தம்மா யாரு, நல்லா பேசுறாங்களே என்று கன்னக்காரர் குழறிக் கேட்டார். திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்தார், கைக்குட்டையால் கண் வரைக்கும் மூடிக்கொண்டார்.

"தூங்கிட்டா பாரு. சரி, மீதியை ஆபரேஷன் முடிஞ்சு வந்து சொல்றேன்."

திரை கறுத்தது. இருபத்திரண்டு நிமிடம். லேப்டாப்பில் பதிந்துவிட்டது, தொடக்கத்தையும் முடிவையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார். பதினேழு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. இனி டிஸ்கையும் மூடிக் கொடுத்துவிடலாம் என்று ரிமோட்டை அழுத்தினார். மூடவா, மூடிய பின் எதையும் சேர்க்க முடியாது என்று பெட்டி கேட்டது. அவர் விரல் ஆம் மேல் போகும்போது அக்காவின் கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

நோட்டில் எழுதினாள்: எவ்வளவு இடம் இருக்கு?

"முப்பத்தெட்டு நிமிஷம்" என்றார்.

அவள் கைப்பையைத் திறந்தாள். டார்ச் மாதிரி இருந்த அந்தக் கருவியை வெளியே எடுத்தாள். புது பேட்டரி போட்டிருந்தாள். ராத்திரி சார்ஜில் வைத்த போனைப் பார்ப்பதுபோல் அதன் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கி வந்த கேமராவைச் செக்கிங் ஸ்டாண்டில் பொருத்தி, பெட்டியின் முன்பக்கத்தில் வயரைச் செருகினார். ஒரே தடவை எழுதும் டிஸ்க். சொதப்பினால் திருத்த முடியாது. மூன்று தடவை செக் பண்ண நேரமில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்கா கழுத்துத் துணியை அவிழ்த்தாள். கருவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினாள். இடம் தவறியதில் முதலில் வெறும் ரீங்காரம்தான் வந்தது. அவள் மகள் பக்கம் பார்க்கவே இல்லை, கேமராவைத்தான் பார்த்தாள். பயம் அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"பொடிசு" என்றது அந்தத் தட்டையான குரல். "பயந்துக்காத. மீதியைச் சொல்றேன்."

பொடிசு கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. வந்து அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுதாள், ஆனால் நகரவில்லை.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்து கதவைத் திறந்தார். உள்ளே நிலவரத்தைப் பார்த்தார், வெளியே நின்றிருந்த நோயாளிகளைப் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கன்னக்காரருக்கும் அவசரமில்லை. அக்கா முப்பத்தைந்து நிமிடம் பேசினாள். இடையில் ஒரு தடவை தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மட்டும் சத்தமில்லை. கடைசியில் தம்பி பக்கம் திரும்பினாள்.

"இப்ப மூடுடா."

நாலு நிமிடம் பிடித்தது. கரண்ட் போகவில்லை.

வியாழக்கிழமை பொடிசு கிளம்பினாள். மூடிய டிஸ்கையும், அதை எந்தப் பெட்டியும் படிக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பென் டிரைவையும், அவை தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்றையும் மாமா அவள் பெட்டியில் திணித்தார். சனிக்கிழமை காலை வீட்டில் போன் அடித்தது. செக்கிங்தான் எடுத்தார். அறை எப்படி, கதவுக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா, இழுத்துப் பார்த்தாயா என்று அடுக்கினார். டிஸ்கைப் போட்டுப் பார்த்தாயா, ஓடுகிறதா என்று கேட்டார்.

"இன்னும் பார்க்கல மாமா. அது பத்திரமா இருக்கு. நீங்க போனை அம்மாகிட்ட குடுங்க."

போனை அம்மாவிடம் கொடு என்பது பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா கருவியைக் கையில் பிடித்தபடி ஏற்கெனவே பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.